ஆயுத பூஜையில காணாமப்போன மயில்கள்

பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில except: pass-ன்னு ரெண்டு வார்த்தை உண்டு. வேலை நடுவுல ஏதாவது தப்பு நடந்தா, அதைப் பத்தி மூச்சே விடாம அடுத்த வரிக்குப் போயிடுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது. படிக்கிற பிள்ளைங்க அவசரத்துக்கு எழுதுவாங்க, பிறகு அழிச்சிடுவாங்க. அது பரவாயில்லை. தொழில் தெரிஞ்ச ஒரு பெரிய மனுஷன், அடுத்தவங்க பொழைப்பு ஓடுற கம்ப்யூட்டர்ல அதை எழுதி வச்சுட்டுப் போனா அதுக்கு என்ன பேரு? நான் ஒரு பேரு வச்சிருக்கேன். அச்சுல போட முடியாது.

நான் காட்கோபர்ல ஒரு ஆபீஸ்ல புரோகிராம் எழுதுறவ. இருக்கறது தாராவியில, அண்ணன் மதினியோட. போன்ல நான் சாக்கெட்டு சாக்கெட்டுன்னு பேசுறதைக் கேட்டு, இந்தப் பொண்ணு கரண்ட் வேலை பாக்குதுன்னு எங்க சந்துல பாதிப் பேரு இன்னும் நம்பிக்கிட்டிருக்காங்க. மிக்ஸியைத் தூக்கிட்டு வந்தவங்களும் உண்டு. நான் சொல்ற சாக்கெட், ரெண்டு கம்ப்யூட்டர் பேசிக்கிறதுக்கான வழி. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, நடுவுல போன் லைன் மாதிரி ஒரு தொடர்பு. அவ்வளவுதான்.

மதினி வேலை பாக்குறது எங்க வீட்டுல இருந்து ரெண்டு சந்து தள்ளி இருக்கிற ஒரு எம்பிராய்டரி பட்டறையில. கீழே எம்பிராய்டரி மெஷினெல்லாம் இரைச்சலா ஓடும். பேச்சுக் கேக்காது, சைகைதான். ஏணி ஏறினா மேல ஒரு தட்டு, மாலான்னு சொல்வோம். அங்க ஒரு லேப்டாப் முன்னால உக்காந்து மதினி டிசைன் போடுவாங்க. கல்யாண ஜாக்கெட்டுக்கு மயில், மாங்கா, கோபுரம், எல்லாம் அவங்க கையில இருந்து வர்றதுதான். ஊசி எங்க இறங்கணும், எங்க திரும்பணும்னு ஒவ்வொரு தையலா வைக்கணும். ஒரு மயிலுக்கு ஒரு நாள் பூரா கூட ஆகும். முதலாளி எங்க ஊர்ப் பக்கத்துக்காரரு. எல்லாருக்கும் அவரு அண்ணாச்சி.

மேல போட்ட டிசைன் கீழே மெஷினுக்குப் போகணுமே, அதுக்கு ஒரு ஏற்பாடு செய்ய மாட்டுங்காவுல இருந்து ஒரு கன்சல்டன்ட்டை அண்ணாச்சி கூட்டிட்டு வந்தாரு. பாங்கா இஸ்திரி போட்ட சட்டை. ஏணியில ஏறும்போது மட்டும் மூக்குல கர்சீப். அந்தாளு ஒரு பைத்தான் புரோகிராம் எழுதிக் குடுத்தாரு. மதினி டிசைனை சேவ் பண்ணினா அது லேப்டாப்புல ஒரு தற்காலிக ஃபோல்டர்ல விழும். புரோகிராம் அதை எடுத்து, சாக்கெட் வழியா கீழே மெஷினோட சேந்திருக்கிற கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அங்க இருந்து 'கிடைச்சது'ன்னு பதில் வந்ததும் அடுத்ததை அனுப்பும். தற்காலிக ஃபோல்டர்ல குப்பை சேந்தா அழிக்க, 'கிளீன்'னு ஒரு பட்டன். போகும்போது ஒரு உத்தரவும் போட்டாரு: லேப்டாப்பை ஷட்டவுன் பண்ணவே கூடாது, புரோகிராம் நின்னு போயிடும்.

நம்ம பிள்ளை வீட்டுலயே ஒருத்தி இதே வேலை பாக்குறாளே, அவளை ஒரு வார்த்தை கேப்போம்னு அண்ணாச்சிக்குத் தோணலை. எனக்கு அது அப்பவே சுருக்குன்னுச்சு. தாராவியில பொறந்தவ கையால புரோகிராம் ஓடாதோ என்னவோ. சரி, அதை விடுங்க.

ஆயுத பூஜை வந்தது. பட்டறையில தீபாவளியை விட அது பெருசு. முந்தின ஞாயித்துக்கிழமையே ஒட்டடை அடிக்க ஆரம்பிச்சிடுவாங்க. கரண்ட் மெயின் ஸ்விட்சை இறக்கிட்டு, மெஷின் மெஷினா பிரிச்சு, எண்ணெய்த் துணியால துடைச்சு, பஞ்சு தூசியெல்லாம் ஊதி எடுப்பாங்க. பூஜைக்கு முந்தின சாயங்காலம் மறுபடி மெயினை இறக்கி, கடைசியாத் துடைச்சு, சந்தனப் பொட்டு குங்குமப் பொட்டு வைப்பாங்க. பூஜை அன்னைக்கு யாரும் மெஷினைத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில புது டிசைன் ஒண்ணைப் போட்டு ஓட்டித்தான் அந்த வருஷத்துக் கல்யாண சீசனைத் தொடங்கணும். புதுசுன்னா புதுசு. பழைய டிசைனை ஓட்டினா விளங்காதுன்னு அண்ணாச்சிக்கு ஒரு பிடிவாதம்.

அந்த வாரம் பூரா மதினி மாலாவுல உக்காந்து புது மயில்களாப் போட்டுத் தள்ளினாங்க. கீழே பழைய ஆர்டர் ஒண்ணு ஓடிக்கிட்டிருந்ததால புது டிசைன் யாருக்கும் உடனே தேவைப்படலை. லேப்டாப்புல ஒரு பச்சை வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு, அனுப்புறேன் அனுப்புறேன்னு. அது சுத்தினா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம், கன்சல்டன்ட் சொன்னது. பூஜைக்கு முந்தின சாயங்காலம் கீழே துடைச்சுக்கிட்டிருந்த அண்ணாச்சி, மேல பாத்து சத்தம் குடுத்தாரு.

"ஏ தாயி, கம்ப்யூட்டருக்கும் ஆயுத பூஜைதான. உள்ள கிடக்க குப்பையெல்லாம் அந்த பட்டனை அமுக்கிச் சுத்தம் பண்ணிரு."

மதினி அமுக்கினாங்க. லேப்டாப்புக்கும் ஒரு பொட்டு வச்சாங்க.

விஜயதசமிக்கு எனக்கும் லீவு. பட்டறைக்குப் போயிருந்தேன். வேலை பாக்குறவங்க, அவங்க வீட்டு ஆளுங்க, பக்கத்துப் பட்டறைக்காரங்கன்னு நல்ல கூட்டம். பொரி கடலை குடுத்துக்கிட்டிருந்தாங்க. அண்ணாச்சி கற்பூரம் காட்டிட்டு, "எங்க, நம்ம மயிலை எறக்கு"ன்னாரு. கீழே கம்ப்யூட்டர்ல தேடினாங்க. புது டிசைன் ஒண்ணு கூட இல்லை. மதினி ஓடிப் போய் மேல லேப்டாப்பைப் பாத்தாங்க. அங்கயும் ஃபோல்டர் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. குப்பைக்கூடையிலயும் இல்லை. பைத்தான்ல os.remove-ன்னு அழிச்சா குப்பைக்கூடைக்கெல்லாம் போகாது, நேரா பரலோகம்தான்.

அண்ணாச்சி அங்கேயே கன்சல்டன்ட்டுக்குப் போன் போட்டாரு, ஸ்பீக்கர்ல. அந்தாளு வீட்டுல இருந்தபடியே நெட் வழியா பட்டறை லேப்டாப்பைத் திறந்து எட்டிப் பாத்துட்டு, ரொம்ப சாதாரணமாச் சொன்னாரு: "லுக், டெலீட் அவங்க லாகின்ல இருந்துதான் நடந்திருக்கு. கிளீன் பட்டன் கீழே போய்ச் சேந்த ஃபைலை மட்டும்தான் அழிக்கும். சிஸ்டம் பெர்ஃபெக்ட்."

அண்ணாச்சி முகம் மாறுச்சு.

"அப்போ தேவ்நார்ல ஒரு கடையில நம்ம மயிலு மாதிரியே பாத்தேம்னு சொன்னாங்களே, அது இப்படித்தான் போச்சா? அந்தக் கடைக்காரனுக்குக் குடுத்துட்டு இங்க அழிச்சுட்டியோ? சோறு போட்ட எடத்துலயே கை வைக்கலாமா தாயி?"

மயில் மாதிரி மயிலாம்! மயிலுக்குன்னு யாராவது பட்டா போட்டு வச்சிருக்காங்களா? மும்பையில பாதி கல்யாண ஜாக்கெட்ல மயில்தான் உக்காந்திருக்கு. நான் வாயைத் திறந்தேன். மதினி என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வெளிய வந்துட்டாங்க. செருப்பைக் கால் மாத்தி மாட்டிக்கிட்டு அவங்க நடந்தது எனக்கு இன்னைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. எத்தனை வருஷமா அந்த ஏணியில ஏறி இறங்கினவங்க! அத்தனை பேரு முன்னால, அதுவும் விஜயதசமி அன்னைக்கு, திருடிங்கிற பட்டம்.

மறுநாள்ல இருந்து மதினி வேலைக்குப் போகலை. தண்ணி பிடிக்கப் போனாலும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனாங்க. குழாயடியில அவங்களைக் கண்டதும் பேச்சு நிக்கும், தாண்டினதும் ஓடும். வேற பட்டறையில கேக்கலாம்னு அண்ணன் சொன்னான். தாராவியில ஒரு பட்டறையில சொன்ன வார்த்தை அடுத்த பட்டறைக்கு நமக்கு முன்னால போய் உக்காந்திருக்கும், அது அவனுக்கும் தெரியும்.

எனக்கு ஆத்திரம் தாங்கலை. பூஜை முடிஞ்சு வந்த ஞாயித்துக்கிழமை காலையில நேரா பட்டறைக்குப் போய், "அண்ணாச்சி, லேப்டாப்பைக் குடுங்க. உங்க முன்னாலயே பாக்கேன். எங்க மதினி எடுத்திருந்தா நானே சொல்லிட்டுப் போறேன்"னேன். அவரு தயங்கினாரு. பிறகு, "சரி, பாரு"ன்னாரு. நான் புரோகிராமைத் திறந்தேன்.

ஐயோ, அதை என்னன்னு சொல்ல! சாக்கெட்டைத் திறந்திருக்காரு, டைம்அவுட்ங்கிற நேரக்கெடு வைக்கலை. ஃபைலை அனுப்பிட்டு, recv-ன்னு பதிலுக்குக் காத்திருக்காரு. எவ்வளவு நேரம்? பதில் வர்ற வரைக்கும். பதில் வரவே வராட்டா? உலகம் அழியுற வரைக்கும். அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் ஒழுங்கா மூடினா 'போயிட்டு வர்றேன்'னு ஒரு சேதி அனுப்பும், இந்தப் பக்கம் தெரிஞ்சுக்கும். மெயினை இறக்கினா யாரு சொல்றது? பூஜைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஒட்டடை அடிக்க மெயினை இறக்கின நேரத்துல, ஒரு ஃபைல் போய், பதில் வர வேண்டிய நேரம். கீழே கம்ப்யூட்டர் செத்துப் போச்சு. மேல லேப்டாப் பேட்டரியில உயிரோட இருந்துச்சு. மெயினைத் தூக்கினதும் கீழே கம்ப்யூட்டர் புதுசா எழுந்திரிச்சு, பழசு எதுவும் ஞாபகம் இல்லாம உக்காந்திருக்கு. மேல இருக்கிற புரோகிராம் செத்த லைனைக் காதுல வச்சுக்கிட்டு வாரம் பூரா காத்திருக்கு. பச்சை வட்டம் சுத்துது. மயில்கள் அத்தனையும் தற்காலிக ஃபோல்டர்ல வரிசையில நிக்குது. லேப்டாப்பை ஒரு தடவை அணைச்சுப் போட்டிருந்தா கூட எல்லாம் சரியாகியிருக்கும். அணைக்கக்கூடாதுன்னு உத்தரவாச்சே. மதினி சொன்ன பேச்சைக் கேட்டாங்க, அதுதான் அவங்க செஞ்சது.

அடுத்து அந்த கிளீன் பட்டனைப் பாத்தேன். அழிக்கிறதுக்கு முன்னால, இந்த டிசைன் உன்கிட்ட இருக்கான்னு கீழே கம்ப்யூட்டரைக் கேக்குற மாதிரி எழுதியிருந்தாரு. அட, புத்தி இருக்கேன்னு நினைச்சேன். அதுக்குக் கீழே அடுத்த வரி: except: pass. கேட்டுப் பாரு, பதில் கிடைக்காட்டாலும் ஒண்ணும் சொல்லாத, அழிச்சுட்டுப் போ. பொட்டு வைக்கிறதுக்காக மெயின் இறங்கியிருந்த நேரத்துல மதினி பட்டனை அமுக்கியிருக்காங்க. கீழே யாரும் இல்லை. தப்பு வந்துச்சு. புரோகிராம் அதோட வாயைப் பொத்துச்சு. மொத்தத்தையும் வழிச்சு அழிச்சுடுச்சு.

"அந்த சாரை வரச் சொல்லுங்க"ன்னேன். வந்தாரு, கர்சீப்போட. வெத்து ஃபைல் கொஞ்சம் ஃபோல்டர்ல போட்டேன். அண்ணாச்சியை விட்டே மெயினை இறக்க வச்சேன். பட்டனை அமுக்கினேன். கொஞ்ச நேரம் முழிச்சுட்டு, ஃபோல்டர் காலியாச்சு. "இப்ப இதை தேவ்நாருக்கு யாரு கொண்டு போனா அண்ணாச்சி? நானா?"ன்னு கேட்டேன்.

கன்சல்டன்ட் தொண்டையைச் செருமினாரு. "லுக், இது ரொம்ப ரேர் மேடம். எட்ஜ் கேஸ். இப்படி பவரை ஆஃப் பண்ணுவாங்கன்னு யாரு எதிர்பார்ப்பா?"

"எட்ஜ் கேஸா? ஆயுத பூஜைக்கு மெயினை இறக்காத பட்டறை தாராவியில எங்க சார் இருக்கு? ஒண்ணு காட்டுங்க. உங்க வீட்டுல நீங்க ஃபேன் துடைச்சா ஸ்விட்சைப் போட்டுட்டா துடைப்பீங்க? போன்ல உக்காந்துக்கிட்டு ஒரு பொம்பளையைத் திருடியாக்கறதுக்கு முன்னால, நீங்க எழுதின நாலு வரியை நீங்களே ஒரு தடவை படிச்சுப் பாத்தா என்ன?"

அவருக்கு அவசர வேலை வந்துடுச்சு. கிளம்பிட்டாரு. ஒரு வருத்தம் கூடச் சொல்லலை. ஏணி இறங்கும்போது கர்சீப்பை மட்டும் மறக்கலை.

அண்ணாச்சி அன்னைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்தாரு, கையில ஒரு ஸ்வீட் டப்பாவோட. சத்தமில்லாம கதவைச் சாத்திட்டு உக்காந்தாரு. "விட்டுரு தாயி. மெஷின் செஞ்ச தப்பு. நாளைக்கே வேலைக்கு வந்துரு"ன்னாரு. மெஷின் செஞ்ச தப்பா! மெஷினா தேவ்நாரை இழுத்தது? நான் கொதிச்சுப் போனேன். அண்ணன் வேற, பெரியவரு வீடு தேடி வந்திருக்காரு, விட்டுருன்னு கண்ணைக் காட்டுறான். மதினி டப்பாவைத் தொடலை.

"பட்டறையில எல்லாரும் இருக்கையில சொன்னீங்க அண்ணாச்சி. அங்கயே வச்சுச் சொல்லுங்க. நான் வாரேன்."

அவரு எழுந்து போயிட்டாரு. நாலைஞ்சு நாள் ஒரு தகவலும் இல்லை. பிறகு எனக்குப் போன் வந்தது, அந்தப் புரோகிராமைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடுன்னு. இப்போ மட்டும் நான் நம்ம பிள்ளை ஆயிட்டேன்! மூஞ்சியில அடிச்ச மாதிரி முடியாதுன்னு சொல்லியிருப்பேன். ஆனா மதினி திரும்பப் போனா அந்த லேப்டாப் முன்னாலதான் உக்காரணும். அந்தக் குப்பையை நம்பி அவங்களை மறுபடி விட எனக்கு மனசு வரலை. அதனால உக்காந்து எழுதினேன்.

நீங்க யாராவது இந்த வேலை பாக்குறவங்களா இருந்தா கேட்டுக்கோங்க, கோவத்தோடதான் சொல்றேன். சாக்கெட்டைத் திறந்த கையோட settimeout வைங்க. பத்து செகண்டோ முப்பதோ, அது உங்க இஷ்டம், ஆனா முடிவில்லாமக் காத்திருக்காதீங்க. நேரம் தாண்டினா அந்த லைனை மூடிட்டுப் புதுசாத் திறந்து மறுபடி அனுப்புங்க. ஒரே ஃபைல் ரெண்டு தடவை போனா ஒண்ணும் குடி முழுகாது, பழசு மேல அதுவே எழுதிக்கும். மூடுற வேலையை உங்க ஞாபகத்தை நம்பி விடாதீங்க, with போட்டு எழுதினா நடுவுல என்ன கலவரம் நடந்தாலும் அதுவே மூடும். recv ஒரு தடவை கூப்பிட்டா மொத்தமும் வந்துடும்னு நம்பாதீங்க, துண்டு துண்டாத்தான் வரும், முழுசா சேர்ற வரைக்கும் வாங்கணும். வாங்குற பக்கத்துல முதல்ல தற்காலிகப் பேர்ல எழுதுங்க, முழுசா வந்த பிறகு os.replace போட்டு சரியான பேருக்கு மாத்துங்க. அப்போ அரைகுறை மயில் மெஷினுக்குப் போகாது. அழிக்கிற விஷயத்துக்கு வந்தா, போய்ச் சேந்ததுன்னு உறுதியாத் தெரிஞ்ச ஃபைலை மட்டும் தொடுங்க. அதையும் உடனே அழிக்காம ஒரு ஓரமா நகர்த்தி வைங்க, ஒரு மாசம் கழிச்சு அழிச்சுக்கலாம். சந்தேகம் வந்தா அழிக்காதீங்க. இடம் அடைச்சுக்கிட்டா அடைச்சுக்கட்டும்! தப்பு வந்தா எந்தத் தப்புன்னு பேரைச் சொல்லிப் பிடிங்க, ஸ்க்ரீன்ல சிவப்பா எழுதிக் காட்டுங்க, உக்காந்திருக்கிறவங்களுக்குப் புரியுற மொழியில. ஒருத்தர் மேல பழி விழுறதை விட சிவப்பு எழுத்து ஆயிரம் மடங்கு தேவலை.

புரோகிராமைப் போட்டுக் குடுக்கற அன்னைக்கு மதினியும் என் கூட வந்தாங்க. வேலைக்கு இல்லை, கேக்குறதுக்கு. அண்ணாச்சி சொல்லி அனுப்பியிருந்தாரு, வா, எல்லாரு முன்னாலயும் சொல்லுறேன்னு. பட்டறை முழு மூச்சா ஓடிக்கிட்டிருந்தது. எல்லாரும் அவங்கவங்க மெஷின்ல. நான் மாலாவுல ஏறி, மதினி வீட்டுல என் லேப்டாப்புல திரும்பப் போட்டு வச்சிருந்த முதல் மயிலை அனுப்ப ஆரம்பிச்சேன். கீழே பாத்தா, அண்ணாச்சி மதினி பக்கத்துல வந்து நிக்கிறாரு. உதடு அசையுது. தலை ஆடுது. அந்த இரைச்சல்ல பக்கத்துல நின்ன ஆளுக்கே கேட்டிருக்காது. சொல்லி முடிச்சுட்டோம்னு திரும்பப் போனாரு. எப்படி ஒரு சாமர்த்தியம் பாருங்க!

மதினி நேரா சுவரோரம் நடந்தாங்க. மெயினைப் பிடிச்சு இறக்கினாங்க.

பட்டறை அடங்கிப் போச்சு. ஊசியெல்லாம் பாதித் தையல்ல நின்னுச்சு. அத்தனை பேரும் நிமிந்து பாத்தாங்க. வெளிய சந்துல யாரோ இந்தியில காய்கறி விலை கேக்குறது உள்ள கேட்டுச்சு.

"இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி"ன்னாங்க.

அவரு ஸ்விட்சைப் பாத்தாரு, ஆளுங்களைப் பாத்தாரு. மதினி கை ஸ்விட்ச் மேலயே இருந்துச்சு. கடைசியில, விஜயதசமி அன்னைக்குப் பேசின அதே குரல்ல, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு: "இந்தப் பிள்ள எதையும் எடுக்கல. யாருக்கும் குடுக்கல. நாந்தான் விசாரிக்காமப் பேசிட்டேன். தப்பு என் மேல."

மதினி மெயினைத் தூக்கினாங்க. மெஷின் ஒவ்வொண்ணா முனக ஆரம்பிச்சது. மேல லேப்டாப்புல சிவப்பா ஒரு வரி வந்திருந்தது, 'கீழே இருந்து பதில் வரவில்லை, மறுபடி அனுப்புகிறேன்'னு. கீழே கம்ப்யூட்டர் எழுந்திரிச்சதும் அந்த வரி மாறுச்சு. நான் மாலாவுல இருந்து குனிஞ்சு, "மதினி, மயில் வந்துட்டு"ன்னு கத்தினேன்.

அண்ணாச்சி நின்னு போன மெஷினைக் குனிஞ்சு பாத்து முணுமுணுத்தாரு. "இப்படித் திடுதிப்புன்னு எறக்கலாமா தாயி? பாரு, நூலெல்லாம் அறுந்து போச்சு."

"நூலுதான அண்ணாச்சி, கோத்துக்கிடலாம்"னு சொல்லிட்டு, மதினி சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு ஏணியில ஏறி வந்தாங்க.